நாளுக்கு ஒரு கதை

"இந்தக் கதைய ஒனக்குச் சொல்லிட்டேனாடி?"

வாசலில் நின்று கேட்டார் நாகலெட்சுமி அத்தை. அதே கதையை நான்கு முறை சொல்லியிருந்தார். "சொல்லிட்டீங்க" என்றால் பயந்துபோவார். "இல்லை" என்றால் பொய்.

அத்தை எனக்கு உறவில்லை. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் கடைசி வீடு அவருடையது. முப்பத்தெட்டு வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். மாமா இறந்து இரண்டு வருடமாகிறது. மகன் மதுரனுக்குக் கொழும்பில் துணிக்கடை வேலை. காலையில் எல்லாரும் மலைக்கு வேலைக்குப் போய்விட்டால் லயத்தில் நாய்களும் அவரும்தான். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, வேலைக்கு விண்ணப்பங்கள் அனுப்பிக்கொண்டு நானும் வீட்டில்தான் கிடந்தேன். ஆனால் நானாக ஒரு நாளும் அவர் வீட்டுக்குப் போனதில்லை.

ஒருநாள் அடுப்பில் சோற்றை மறந்து தீயவிட்டார். அடுத்த வாரமும் அப்படியே நடந்தது. மதுரன் அண்ணன் போனில் சொன்னார்: "இன்னொரு தடவ இப்புடி ஆச்சுன்னா கொழும்புக்குக் கூட்டிட்டு வந்துருவேன்மா."

அங்கே கொட்டாஞ்சேனையில், மூன்றாம் மாடியில் ஓர் அறை. அண்ணன் காலையில் போனால் இரவு ஒன்பது மணிக்குத்தான் திரும்புவார்.

"அங்க நான் செவத்தோடயா பேசுறது?" என்றார் அத்தை. எப்படியாவது ஞாபகத்தைக் காப்பாற்றிக்கொண்டு லயத்திலேயே இருந்துவிட வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நுவரெலியா கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப்போனேன். டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரி, பொறுமையாகப் பேசினார்.

"ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் நடவுங்கோ. சீனியைக் குறையுங்கோ. இடக்கையாலயும் வேலை செய்து பாருங்கோ, மூளைக்கு நல்லது."

"கொழுந்து எடுத்த கைங்க டாக்டர். எனக்கு ரெண்டும் ஒண்ணுதாங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். "தனிய மட்டும் இருக்காதேங்கோ. ஒரு நாளைக்கு ஒராளோடயாவது கதைக்க வேணும்."

பஸ்ஸில் அத்தை என் தோளைத் தட்டினார். "தெனம் ஒருத்தருக்குக் கதை சொல்லணுமாம்ல? எனக்கு எத்தன கதை தெரியும்னு நெனைக்கிற?"

யாழ்ப்பாணத்தில் கதைப்பது என்றால் பேசுவது. அத்தைக்குக் கதை என்றால் கதைதான். எனக்கு வேடிக்கையாக இருந்தது, திருத்தவில்லை.

மறுநாளே தொடங்கிவிட்டார். சீனியில்லாத பிளேன்டீ. தோட்டத்துக் கோயில் வரைக்கும் நடை. பின்னேரம் வேலை விட்டு ஆட்கள் வந்ததும் நாளுக்கு ஒரு வீடு. "டாக்டர் சொல்லியிருக்காங்க. ஒரு கதை சொல்லிட்டுப் போயிர்றேன்."

"வந்துட்டியா மருந்து குடிக்க?" என்பார் அடுத்த வீட்டுப் பேச்சியம்மா. "உக்காரு. சும்மா வாய மட்டும் ஆட்டாம இந்தத் தேங்காயத் துருவிக்கிட்டே சொல்லு."

காட்டுப்பன்றி துரத்தி, கண்டாக்கு ஐயா மரத்தில் ஏறிய கதைதான் அடிக்கடி வரும். வேலை மேற்பார்க்கிற அதிகாரி மரத்தில் தொங்குவதைக் கேட்டு லயமே சிரிக்கும். இரண்டு மாதம் சோறு தீயவேயில்லை.

ஐந்தாவது முறையாக அந்தக் கதையோடு அத்தை எங்கள் வீட்டு வாசலில் நின்ற அன்று, எனக்கு வேலை இல்லையென்று ஒரு கடிதம் வந்திருந்தது. "சொல்லிட்டேனாடி?" என்றார். அதற்குப் பதில் சொல்லாமல் வேறொன்றைச் சொன்னேன்.

"அத்த, டாக்டர் கதை சொல்லச் சொல்லல. அவங்க ஊர்ல கதைக்கிறதுன்னா பேசுறது. அவ்வளவுதான்."

அத்தை வாசற்படியைப் பார்த்தார். "அப்ப இது மருந்தில்லயா? வேல முடிஞ்சு வந்த மனுசங்கள சும்மாவா உக்கார வச்சேன்?"

"சும்மா போயே பேசலாமே."

"மலைக்குப் போறவங்களுக்குப் பேச மலை இருக்கு. என்கிட்ட என்ன இருக்கு?"

அதற்குப் பிறகு அவர் எந்த வீட்டுக்கும் போகவில்லை. நடையும் நின்றது. நான் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தேன். "கால் வலிக்குது" என்று உள்ளிருந்தே சொன்னார். மூன்றாவது வாரம் பானை கருகிப் புகை கூரைவரை ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை மதுரன் அண்ணன் வந்தார். பையைக் கட்டும்போது பேச்சியம்மா, "அந்தக் கண்டாக்கு மரத்துலருந்து எப்படி எறங்குனாருன்னு சொல்லாமலே போறியேடி," என்று கேலி செய்து பார்த்தார்.

"எந்தக் கண்டாக்கு?" என்றார் அத்தை.

யாரும் சிரிக்கவில்லை. நானு ஓயாவில் ரயில் ஏற்றிவிட்டு வந்தோம்.

இப்போது வாரம் ஒருமுறை போன் எடுக்கிறேன். அங்கே மழையா என்று கேட்பார். பிறகு போனை வைத்துவிடுவார். ஒரு தவறான அர்த்தத்தைத் திருத்திவிட்டேன். அந்தத் தவறுதான் அவரை மற்றவர்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனது என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். அவர்கள் இன்னும் நாலு பேரிடம் சொல்லட்டும். சொல்லிச் சொல்லிக் கொட்டாஞ்சேனையில் இருக்கும் யாராவது ஒருவரை இது எட்டினால் போதும். அவர் ஒரு பகல் பொழுதில் அந்த மூன்றாம் மாடிக்குப் போய், அத்தையோடு சற்று நேரம் உட்காரட்டும்.