வலது கையில் இல்லாத நரம்பு

நான்கு வருசத்துக்கு முந்திய நோன்பு மாதம் அது. கல்முனையில் எங்கள் வீட்டுக் குசினியில் நின்று, நோன்பு திறக்க ரோல்ஸ் சுடுவதற்காக மீன் டின் ஒன்றைத் திறந்துகொண்டிருந்தேன். அரைவாசி திறந்த மூடியைப் பொறுமை இல்லாமல் இழுத்ததில் வலது பெருவிரலின் உட்பக்கம் வெட்டிவிட்டது. பொறுமை எனக்கு எப்போதும் கொஞ்சம் குறைவுதான்.

நான் அபாயா தைக்கிறவள். வீட்டு முன்னறையில் இரண்டு மெசினும் ஒரு வெட்டு மேசையும்தான் என் கடை. பெருநாளுக்குப் பதினைந்து நாள் இருக்க, மேசை முழுக்கத் துணி குவிந்து கிடந்தது. அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் யார் நிற்பது? பக்கத்து வளவில் இருக்கும் ராத்தா, என் மூத்த சகோதரி, மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டாள். கட்டோடு கட்டாக வெட்டினேன், தைத்தேன். பெருநாளும் வந்தது. காயமும் மேலுக்கு ஆறிவிட்டது. எவ்வளவு கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பெருநாள் முடிந்து நாலாம் நாள் தடித்த துணி ஒன்றை வெட்டும்போது விரலுக்குள் ‘பட்’ என்று ஏதோ அறுந்தது. பெரிய வலி இல்லை. ஆனால் பெருவிரலின் நுனி மடங்கவில்லை. மடங்கு, மடங்கு என்று நான் உள்ளுக்குள் கத்தினாலும் அது யாரோ ஒருவருடைய விரல் மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. கத்தரிக்கோல் பிடியில் நிற்காமல் நழுவியது. அப்போதும் புத்தி வரவில்லை. எண்ணெய் போட்டு உருவினால் சரி வரும் என்று ஒரு மாதத்துக்கு மேல் உருவிக்கொண்டிருந்தேன். கடைசியில் கணவர் கோபப்பட்டு, தன் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்.

கையைப் பார்த்தவர் ஒரு பெண் டாக்டர், யாழ்ப்பாணத்துப் பேச்சு. “அம்மா, நரம்பு எண்டு நீங்க சொல்லுறது தசைநாண். மூடி வெட்டினதில பாதி அறுந்து, பிறகு முழுசா அறுந்திட்டுது. முனை உள்ளுக்கு இழுபட்டுக் கன நாள். இனி ரெண்டு முனையையும் இழுத்துப் பிடிச்சுத் தைக்கேலாது” என்றார்.

தையல்காரிக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. துணி போதாவிட்டால் ஒட்டுப் போடவேண்டும். ஆனால் இந்தத் துணிக்கு ஒட்டுக்கு எங்கே போவது?

அதற்குத்தான் அவர் ஒரு வேலை செய்யச் சொன்னார். பெருவிரலையும் சின்ன விரலையும் நுனியோடு நுனி தொட்டு, மணிக்கட்டைக் கொஞ்சம் உள்ளே மடக்க வேண்டும். வலது கையில் செய்தேன். டாக்டர் தடவிப் பார்த்துவிட்டு, “இதில இல்லை” என்றார். இடது கையில் செய்தேன். மணிக்கட்டின் நடுவில், தோலுக்குக் கீழே இறுக்கிக் கட்டிய நூல் மாதிரி ஒன்று எழும்பி நின்றது.

“இருக்கு. இதைத்தான் எடுத்து உங்கட விரலுக்கு வைக்கப்போறம்” என்று சிரித்தார்.

அவர் சிரிக்க எனக்கு ஆத்திரம் வந்தது. கெட்டுப் போன கைக்காக நல்ல கையையும் வெட்டுவதா? டாக்டர் ஆறுதலாகச் சொன்னார். மரத்தில் ஏறித் தொங்கித் திரியும் விலங்குகளுக்கு இந்த நாண் பெரிதாக, பலமாக இருக்குமாம். எத்தனையோ யுகத்துக்கு முன்னால் மனிதருக்கு முந்திய உயிர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்குமாம். நிலத்தில் நடந்து, கையை வேறு வேலைக்குப் பாவிக்கத் தொடங்கிய பிறகு இதற்கு வேலை குறைந்துவிட்டதாம். சிலருக்கு இரண்டு கையிலும் இருக்கும், சிலருக்கு ஒன்றில் மட்டும், சிலருக்கு இல்லவே இல்லை. “இல்லாத ஆக்களுக்கு அது இல்லை எண்டதே தெரியாது” என்றார்.

சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் என்று நான் ஒப்பம் வைக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழும்பி வந்துவிட்டேன். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் ஓட்டம்.

வீட்டில் ராத்தா என் பயத்துக்கு எண்ணெய் ஊற்றினாள். “அல்லாஹ் வேலையில்லாம ஒண்டையும் படைக்கமாட்டான். ரெண்டு கையையும் குடுத்துட்டு நிக்கப்போறியாகா?” என்றாள். கணவரோ ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்து தன் மணிக்கட்டை மடக்கிக் காட்டினார். இரண்டு கையிலும் நாண் விறைத்துக்கொண்டு நின்றது.

“எனக்கு ரெண்டுலயும் இரிக்கி. எடுத்துக் குடுக்க ஏலுமெண்டா குடுத்திடுவன்” என்றார் பெருமையாக.

“அப்ப நீங்க இன்னும் மரத்துலதான் இரிக்கீங்க” என்றேன். அத்தனை நாளுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன். ராத்தாவுக்கு மட்டும் குரங்குக் கதை பிடிக்கவில்லை.

சிரிப்பு அன்றைக்குத்தான். அடுத்த நாள் காலை மெசின் முன்னால் உட்கார்ந்தபோது பயம் திரும்பி வந்தது. ஒரு மாதிரிச் சமாளிப்போம், இடது கையால் வெட்டப் பழகுவோம் என்று ஒரு பழைய துணியை விரித்துச் சோக்கால் நேர்கோடு போட்டு, கத்தரிக்கோலை இடது கையில் எடுத்தேன். எலி கடித்தால்கூடக் கொஞ்சம் ஒழுங்காக இருந்திருக்கும். மூன்று தரம் வெட்டினேன். மூன்று தரமும் கோணல்மாணல். ஆத்திரத்தில் கத்தரிக்கோலை மேசையில் போட்டுவிட்டு அழுதேன்.

அழுதுகொண்டே அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மண்டையில் உறைத்தது. நரம்பு உள்ள கை இடது கை. அதற்கு ஒரு நேர்கோடு வெட்டத் தெரியவில்லை. இருபது வருசமாக ஆயிரக்கணக்கான துணியை நூல் பிடித்தது மாதிரி வெட்டியது வலது கை. அதில் அந்த நரம்பு பிறவியிலேயே இல்லை! இல்லை என்று எனக்கு ஒரு நாளும் தெரிந்ததில்லை. குடம் தூக்கினேன், தேங்காய் துருவினேன், மூன்று பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தேன். எதிலும் ஒரு குறையும் தெரியவில்லை. அப்படியென்றால் இடது கைக்கு மட்டும் என்ன குறைந்துவிடப் போகிறது? டாக்டர் வாயால் சொல்லி நம்பாததை என் வலது கையே எனக்குச் சொல்லித் தந்தது.

அன்றைக்கே போய் ஒப்பம் வைத்தேன். பெருவிரல் மடங்காமல் பேனாவைப் பிடித்து வைத்த அந்தக் கையெழுத்தும் கோணல்தான்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு இரண்டு கையிலும் கட்டு. சோறு ஊட்டிவிட்டது ராத்தாதான், ஏச்சும் சேர்த்து ஊட்டினாள். இடது கையில் இரண்டு சின்ன வெட்டு மட்டும், பத்து நாளில் ஆறி, தேங்காய் துருவ வந்துவிட்டது. வலது கைக்குத்தான் காவல் இருக்க வேண்டியிருந்தது. சிலேடு மாதிரி ஒரு தாங்கியில் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக அசைக்கச் சொன்னார்கள். இந்த முறை அவசரப்படவில்லை. எண்ணிச் சொன்ன அளவுக்கு மேல் ஒரு தரம்கூட அசைக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அதுதான் பெரிய அதிசயம்.

ஒன்றரை மாதம் கழித்து, தாங்கியைக் கழற்றிவிட்டு டாக்டர் என் பெருவிரலின் அடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, “நுனியை மட்டும் மடக்குங்கோ” என்றார். கண்ணை மூடிக்கொண்டேன். நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது. ஏதோ உள்ளுக்குள் மெல்ல இழுபட்டது. கண்ணைத் திறந்தபோது நுனி மடங்கியிருந்தது. கொஞ்சம்தான், ஒரு கடலைப் பருப்பளவு. ஆனால் மடக்கியது நான். அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்னேனா கத்தினேனா தெரியாது, வெளியே நின்ற கணவர் ஓடி வந்துவிட்டார். மாதக்கணக்காக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் அந்த இடத்திலேயே இறங்கியது.

வீட்டுக்கு வந்து ராத்தாவிடம் மடக்கிக் காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தவள், “நான் சொன்னன்தானே, அல்லாஹ் வேலையில்லாம ஒண்டையும் படைக்கமாட்டான் எண்டு” என்றாள். அதே வாய், அதே சொல். நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

இப்போது முன்னைப் போல முழுசாக மடங்காது, ஆனால் கத்தரிக்கோல் நழுவுவதில்லை. எந்த மரத்தில் எந்தக் கிளையைப் பிடிக்க உண்டான நாணோ, இன்று என் பெருவிரலுக்குள் இருந்துகொண்டு துணி வெட்டுகிறது. ஒவ்வொரு பெருநாளுக்கும் முதல் துணியை விரிக்கும்போது இடது மணிக்கட்டின் தழும்பை ஒரு தரம் தடவிவிட்டுத்தான் கத்தரிக்கோலைக் கையில் எடுக்கிறேன்.