சவுரியம்மா அக்கா கடைசியாப் பாடுன பாஸ்கா

"இந்த ஆளு தாளத்துக்கு நான் ஒரு அடி பாடி முடிக்கறதுக்குள்ள ஒலையில அரிசி கொழைஞ்சிடும்."

போன வருஷம் ஒத்திகை நடந்த அத்தினி நாளும் எங்க எதுத்த வூட்டு சவுரியம்மா அக்கா இதத்தான் சொல்லிக்கினு இருந்தாங்க. இந்த ஆளுன்னா அவங்க வூட்டுக்காரர், அந்தோணிசாமி அண்ணன். திண்டிவனத்துல எங்க தெரு ஜனங்க பெரிய வெள்ளிக்குப் போடற பாஸ்கா, ஏசு பாடுபட்டு சாவுற நாடகத்துல பேச்சே கிடையாது, முழுக்கப் பாட்டு. ஆர்மோனியம், டோலக்கு எல்லாம் அண்ணன் கையில இருக்கற ஜால்ராவப் பாத்துதான் நடக்கும். அக்காவுக்கு மாதா வேஷம். கூலிக்குக் கடலைக் கொல்லையில மல்லாட்டை புடுங்கப் போற பொம்பள, தொண்டை மட்டும் இரும்பு. சண்டை போட்டாலும் அதே தொண்டைதான். நானும் வாங்கிக் கட்டிக்கினு இருக்கேன்.

வீம்பும் ஜாஸ்தி. சின்னப் பொண்ணு ஆர்த்தி சொல்லாம கல்யாணம் பண்ணிக்கினு விழுப்புரம் போனதுலேர்ந்து போன் வந்தா எடுக்க மாட்டாங்க. "நேர்ல வந்து நிக்கட்டும், அப்புறம் பேசறேன்."

நாடகத்தன்னிக்கும் தாளம் ஒரே இழுவை. செத்த மகன மடியில போட்டுக்கினு மாதா அழுவுற பாட்டு முடியவே மாட்டேங்குது. அக்கா அசரல. மத்தவங்களும் மூச்சுப் புடிச்சுப் பாடி நின்னாங்க. ஸ்டுடியோ கோபி அத அப்படியே புடிச்சு யூடியூப்ல போட்டாரு. "பாட்டுக்காரங்க சூப்பர், தாளக்காரருக்கு தூக்கமா"ன்னு கீழ எவனோ எழுதியிருந்தான். அக்கா அதக் காட்டிக் காட்டி சிரிச்சாங்க.

பாஸ்கா முடிஞ்ச அடுத்த வாரம் அக்காவுக்கு ஆபரேஷன். முழுங்கறப்ப வலிக்குதுன்னு ஆஸ்பத்திரிக்குப் போய்க்கினு இருந்தாங்க. சின்னக் கட்டின்னு அண்ணன் சொல்லி வெச்சிருந்தாரு. குரல்வளையவே எடுக்கணும், அப்புறம் பேச்சு வராதுன்னு ஒத்திகைக்கு முன்னாடியே டாக்டர் அண்ணன்கிட்ட சொன்னப்ப, "நானே பக்குவமா சொல்லிக்கறேன்"னு வந்த மனுஷன் வாயத் தொறக்கல.

கழுத்துல ஓட்டையோட திரும்பி வந்தாங்க அக்கா. சத்தம் போனது போனதுதான்.

அண்ணன் சாயங்காலமானா அந்த ரெக்கார்டிங்கப் போடுவாரு. அக்கா எழுந்து வந்து நிறுத்துவாங்க. ஒரு நாள் எனக்கு ஆத்தரமாப் பூட்சு. "ஏண்ணா, நோவுற எடத்துலயே குத்திக்கினு இருக்க?"

"குரல் போயிடும்னு தெரிஞ்சு பயந்துட்டா பாட மாட்டாளேன்னு சொல்லலம்மா. கடைசிப் பாட்டு. ஜல்தியா முடிஞ்சிடக் கூடாதுன்னுதான் தாளத்த இழுத்தேன்."

அக்கா அவர் மூஞ்சியவே பாத்தாங்க. அடிக்கப் போறாங்கன்னு நெனச்சேன். வாயத்தான் அசைச்சாங்க. எனக்குப் புரிஞ்சிது.

"சொல்லியிருந்தா ஆர்த்திகிட்ட பேசியிருப்பேனே."

இப்ப ஆர்த்தி போன் பண்ணா உடனே எடுத்து காதுல வெச்சுக்கறாங்க. அவ பேசறா, அழுவுறா. கடைசில "அம்மா, இருக்கியா?"ன்னு கேக்கறா. இவங்க விரலால போனத் தட்டறாங்க.

பேச முடியாதவகிட்ட போய் என்னத்தப் பேசறதுன்னு தெரு ஜனமே அந்த வூட்டுப் பக்கம் போறதில்ல. அவங்களுக்குக் காது நல்லாக் கேக்குது. நீங்க திண்டிவனம் வந்தா மாதா கோயில் பின் தெருவுல சவுரியம்மா வூடு எதுன்னு கேளுங்க. பழம் கிழம் ஒண்ணும் வாங்கியார வேணாம். உக்காந்து ஊர்க்கதை எதையாவது பேசிட்டுப் போங்க.