ஊ லூ பே அசையாமல் உட்கார்ந்த மழைக்காலம்

“மழைக்காலம் மூணு மாசமும், தினம் ஒரு மணி நேரம் தியானத்துல உட்காருவேன். கூரை பேந்து தலையில விழுந்தாலும் மணி முடியாம அசைய மாட்டேன். பார்த்துக்கிட்டே இருங்க.”

மௌலமைன் நகரக் கடைத்தெருவில், தன் சொந்தத் தேநீர்க்கடையின் நடுவில் நின்று ஊ லூ பே இப்படி அறிவித்தார். சாட்சிகள் ஆறு பேர். அதில் ஒருவர் வாய் நிறைய சமோசா வைத்திருந்ததால், கூரை வரைக்கும்தான் கேட்டது, அதற்கப்புறம் கேட்கவில்லை என்று பிற்பாடு நழுவிக்கொண்டார்.

இந்தச் சபதம் ஆன்ம தாகத்தால் வந்ததல்ல. கோ பியூவால் வந்தது. கோ பியூ அந்தக் கடையில் பத்தொன்பது வருஷமாகத் தேநீர் கலக்குகிறவர். ஜனங்கள் வந்தது அவர் கைப்பக்குவத்துக்காக. ஊ லூ பேயின் முகத்தைப் பார்க்க யாரும் வந்ததாகத் தகவல் இல்லை. முந்தின வாரம் பால் லேசாகத் தீய்ந்ததற்கு ஊ லூ பே போட்ட சத்தத்தில் எதிர்ச்சாரிப் புறாக்கள் எழும்பிப் பறந்தன. கோ பியூ தோள்துண்டை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்:

“படகுத்துறைக் கடைக்காரர் ரெண்டு தடவை ஆள் விட்டுட்டார் அண்ணே. மழைக்காலம் முடியட்டும்னு பார்க்கிறேன். அதுக்குள்ள உங்க வாய் அடங்கலைன்னா, மழை முடியற விளக்குப் பண்டிகையோட நான் கிளம்பிடறேன்.”

கோபத்துக்கு அந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த மருந்து தியானம். வங்கிக் குமாஸ்தா உட்கார்கிறார், வெற்றிலைக்காரி உட்கார்கிறாள். முறையும் எளிது. மூச்சில் வயிறு எழும்போது ‘எழுகிறது’, தாழும்போது ‘தாழ்கிறது’ என்று மனசுக்குள் குறித்துக்கொள்ள வேண்டும். வலி வந்தால் ‘வலி, வலி’. கோபம் வந்தால் ‘கோபம், கோபம்’. வேறு ஒன்றும் செய்ய வேண்டாம். ஒன்றும் செய்யாமல் இருப்பது கல்லாப்பெட்டிக்குப் பின்னால் தனக்கு முப்பது வருஷப் பழக்கம் என்று ஊ லூ பே நம்பினார்.

முதல் வாரம் ஏழாவது நிமிஷத்தில் தலை சாய்ந்தது. அவர் மனைவி டோ சீன் யீ, யாரிடமும் சபதம் போடாமல் பதினைந்து வருஷமாகத் தினமும் உட்காருகிறவள், பக்கத்துப் பாயிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இன்னிக்கு எப்படி?”

“நல்லாத் தெரிஞ்சுது. எழுகிறது, தாழ்கிறது.”

“குறட்டையா?”

அவர் பாயைச் சுருட்டத் தொடங்கினார்.

“ஒரு மணி நேரத்தை மூட்டை கட்டி வையுங்க. பல் தேய்ச்சதும் அடுப்பைப் பத்தவச்சிட்டு வந்து உட்காருங்க. தண்ணி கொதிக்கிற வரைக்கும் போதும். அதே பாய், அதே மூலை, தினமும். அது படிஞ்ச பிறகு பெரிய அண்டாவை வச்சுக்கலாம்.”

அப்படித்தான் படிந்தது. கெட்டிலில் ஆரம்பித்து, குண்டானுக்கு ஏறி, இரண்டாவது மாசம் அண்டாவும் போதாமல் நிஜமாகவே ஒரு மணி நேரம் வந்துவிட்டது. முடிந்ததும் வெண்கலச் சேகண்டியை மூன்று முறை அடித்து, சேர்ந்த புண்ணியத்தைத் தெருவோடு பகிர்ந்துகொண்டார். கேட்டவர்கள் மூன்று முறை ‘சாது’, அதாவது ‘நல்லது’, என்று சொல்லியாக வேண்டும். மணி விடிகாலை ஐந்தரை.

“உங்க புண்ணியம் வந்து சேருது, வேண்டாம்னு சொல்லல,” என்றார் எதிர்வீட்டு வங்கிக் குமாஸ்தா, கண் சிவக்க. “கொஞ்சம் மெதுவா அனுப்பினாலும் வந்து சேரும்.”

தப்பு நடந்தது கடையில்தான். கோ பியூ கைதவறி ஒரு கோப்பையை உடைத்தார். ஊ லூ பே கண்ணை மூடி, நிமிர்ந்து உட்கார்ந்து, மனசுக்குள் குறிக்க வேண்டியதைக் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி குறிக்கத் தொடங்கினார்.

“கோபம். கோபம். போன வெள்ளிக்கிழமை ஒரு சாசர். கோபம். தண்ணித் திருவிழா அன்னிக்கு லேட்டு. கோபம், கோபம்.”

முன்பெல்லாம் ஒரு நிமிஷம் கத்துவார், மறந்துவிடுவார். இப்போது மனம் ஒருமுகப்பட்டதால் நாலு வருஷத்துப் பாக்கியும் தெளிவாக ஞாபகம் வந்தது. வாடிக்கையாளர்கள் தேநீரை ஆறவிட்டுக் கேட்டார்கள்.

“திட்டுறதுன்னா திட்டிடுங்க அண்ணே,” என்றார் கோ பியூ. “பழைய மாதிரியே திட்டிடுங்க. இது தாங்கல.”

அன்று வீட்டில் டோ சீன் யீ சோறு பரிமாறியபடியே கேட்டாள்:

“உங்க வயிறு ஏறுறது, இறங்குறது, நடுவுல நிக்கிறது, எல்லாம் தெரியுது. அந்த ஆளோட முகம் அப்ப எப்படி இருந்துச்சு?”

“கண்ணை மூடியிருந்தேனே.”

“அதான் கேட்டேன்.”

அதற்குப் பிறகு கடையில் அவர் சத்தமாகக் குறிக்கவில்லை, மெதுவாகவும் குறிக்கவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டார். இரண்டு பேருக்கும் நடுவில் ‘ரெண்டு டீ’, ‘ஆச்சு’ என்பது தவிரப் பேச்சே இல்லாமல் போயிற்று. வாய் அடங்கிவிட்டது, காரியம் ஜெயம் என்று ஊ லூ பே நினைத்தார்.

விளக்குப் பண்டிகை அன்று காலை மாடியில் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தொன்பது நிமிஷம் ஆகியிருந்தது. கால் இரண்டும் யாருடையதோ மாதிரி இருந்தன. மரப்படி முனகியது. யாரோ எதிரில் மண்டியிட்டார்கள். வாழைப்பழ வாசனை. அந்தப் பண்டிகையில் சிறியவர்கள் பெரியவர்களை வணங்கி, செய்த பிழைகளைப் பொறுக்கச் சொல்லிக் கேட்பது வழக்கம்.

“உடம்பால, வாக்கால, மனசால தெரிஞ்சோ தெரியாமலோ நான் செஞ்ச தப்பையெல்லாம் பொறுத்துக்கணும் அண்ணே,” என்றது கோ பியூவின் குரல். “கண்ணைத் திறக்க வேண்டாம். பழம் வச்சிருக்கேன். படகுத்துறைக்குப் பதினஞ்சாம் தேதியிலேருந்து வரேன்னு சொல்லிட்டேன்.”

எழுகிறது, என்று குறித்தார் ஊ லூ பே. தாழ்கிறது. எதிரில் இருந்தவர் எழுந்திருக்கையில் முழங்கால் சடக்கென்று சொடுக்கியது. பத்தொன்பது வருஷம் அடுப்பு முன்னால் நின்ற முழங்கால். இன்னும் பதினொரு நிமிஷம் இருந்தது.

அவர் கண்ணைத் திறந்தார். கோ பியூவின் புருவத்தில் நரை. அது எப்போது வந்தது?

எழுந்திருக்கப் பார்த்தார். மரத்துப்போன கால்கள் ஒத்துழைக்கவில்லை. ஊ லூ பே அப்படியே முன்னால் சரிந்து, இரண்டு கையையும் ஊன்றி, மண்டி போட்டு விழுந்தார், தன்னைவிடப் பதிமூன்று வயது சின்னவர் காலடியில்.

கோ பியூ பதறிப் பின்வாங்கினார். “எந்திரிங்க அண்ணே. நீங்க போய் என்னைக் கும்பிடலாமா, எனக்கில்ல பாவம் சேரும்.”

“கும்பிடல. கால் மரத்துப் போச்சு, எந்திரிக்க முடியல.” ஊ லூ பே பலகைத்தரையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். “இருந்தாலும், விழுந்தது விழுந்துட்டேன். நீ இப்ப சொன்னதை நானும் சொல்லிடறேன்.”

சொன்னார். ‘வாக்கால’ என்ற இடத்தில் மட்டும் ரொம்ப நேரம் நின்றார்.

கோ பியூ குனிந்து உட்கார்ந்து, முதலாளியின் வலது பாதத்தை மடியில் எடுத்து வைத்துத் தேய்த்துவிட ஆரம்பித்தார்.

“இன்னும் எட்டு நிமிஷம் பாக்கி இருக்கே அண்ணே,” என்றார் அப்புறம், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து.

“இருக்கட்டும்,” என்றார் ஊ லூ பே. “முழங்கால் எப்பலேருந்து வலிக்குது? சொல்லு.”