ஏறிப் போனால்தான் சைக்கிள்

சைக்கிளில் போகிறவர்களுக்காகத் தாம்பரத்தில் எங்கள் நகரில் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அதன் தலைவர் என்னைச் சேர்க்க வந்தது காரில்.

"கமிட்டில ஒரு லேடீஸ் இருந்தா நல்லாருக்கும்மா. நீங்கதான் டெய்லி ஓட்டறீங்க," என்றார்.

கமிட்டியில் மற்றவர்கள் ஓட்டுவதில்லையா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அப்போதெல்லாம் நான் நினைப்பதில் முக்கால்வாசி தொண்டையோடு நின்றுவிடும்.

சைக்கிள் என் மகளுடையது. பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்தது. காலேஜுக்குப் போனதும் அவளுக்கு அது கௌரவக் குறைச்சலாகிவிட்டது. ஐம்பது வயதுக்கு மேல், ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், வீடு கட்டாத மனைகளுக்கு நடுவில் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு நர்சரிப் பள்ளியில் எனக்கு ஆயா வேலை. முட்டி வலி, நடந்தால் உயிர் போகும், மிதித்தால் அவ்வளவு தெரியாது. சைக்கிள் வருவதற்கு முன்னால் தினமும் மகனிடம், "கொஞ்சம் கொண்டு விடுறியாப்பா" என்று கேட்டுவிட்டு, அவன் வண்டிச் சாவியைத் தேடுகிற அழகைப் பார்த்துக்கொண்டு வாசலில் நிற்க வேண்டும். சைக்கிளில் எனக்குப் பிடித்ததே, யாரையும் எதுவும் கேட்க வேண்டாம் என்பதுதான்.

அந்தக் கேட்டை மூடப் போவதாகச் செய்தி வந்தது. பதிலுக்குக் கீழே சுரங்கப்பாதை. இறங்க இருபது படிக்கு மேல், ஏறவும் அதே அளவு. படி ஓரமாகச் சக்கரம் உருளும் அகலத்துக்கு ஒரு சரிவு போட்டுக் கொடுங்கள், சைக்கிளைத் தள்ளிக்கொண்டே இறங்கி ஏறிவிடுவோம் என்று சங்கம் மனு கொடுத்தது. சரிவு இல்லாவிட்டால் சைக்கிளைத் தூக்கித்தான் ஆக வேண்டும். என்னால் ஒரு குடம் தண்ணீரே தூக்க முடியாது.

மனுவுக்குப் பதில் வந்தது. ஒருநாள் காலையில் ஆள் வந்து எத்தனை சைக்கிள் கேட்டைத் தாண்டுகிறது என்று எண்ணுவார், அதைப் பார்த்துத்தான் முடிவு. தலைவருக்கு ஒரே சந்தோஷம். காலையில் அந்த வழியாகப் போகும் சைக்கிளுக்குக் கணக்கே கிடையாது. திருமுடிவாக்கத்துப் பட்டறைகளுக்குப் போகிறவர்கள், கொத்தனார்கள், பிளம்பர், மீன்காரர், எல்லோருக்கும் அதுதான் வழி.

இரண்டு நாள் கேட் பக்கத்தில் நின்று தலைவர் அவர்களுக்கு வகுப்பெடுத்தார். "ஆபீசர் வராரு. டிசிப்ளினா வரணும். டபுள்ஸ் வேணாம். மணி அடிச்சு இடிச்சுக்கிட்டு வராதீங்க. மரியாதையா இருக்கணும்." எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

அன்றைக்குக் கேட் ஓரமாக இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. ஆபீசர் என் மகன் வயதுதான் இருப்பார். கழுத்தில் அடையாள அட்டை, மடியில் ஃபாரம். கமிட்டி லேடீஸ் என்ற முறையில் எனக்கு டீ பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பொறுப்பு.

முதலில் வந்தவர் ஒரு கொத்தனார். நாற்காலியில் ஆபீசரைப் பார்த்ததும் பத்தடி முன்னாலேயே இறங்கிவிட்டார். மடித்துக் கட்டியிருந்த லுங்கியை அவிழ்த்துவிட்டு, ஒரு வணக்கம் வைத்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அவரைப் பார்த்துப் பின்னால் வந்தவர்களும் இறங்கினார்கள். அப்புறம் வந்தவர்கள் எல்லோரும் இறங்கினார்கள். மீன்காரர் மட்டும், வாடை அடிக்கக் கூடாதென்று எட்டவே இறங்கி, இன்னும் ஒதுங்கிப் போனார். சாமி ஊர்வலம்கூட எங்கள் பக்கத்தில் அவ்வளவு ஒழுங்காகப் போனதில்லை.

"பாத்தீங்களா சார் நம்ம ஆளுங்கள," என்று தலைவர் பூரித்துப் போனார்.

டீ ஊற்றக் குனிந்தபோது ஃபாரம் கண்ணில் பட்டது. ஐந்தாவது வரை படித்ததற்கு அதைப் படிக்க முடிந்தது. 'நடந்து செல்வோர்' என்ற கட்டத்தில் கோடு கோடாகப் போட்டு இடமே இல்லை. 'சைக்கிளில் செல்வோர்' என்ற கட்டம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

"சார்," என்றேன். எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். "அவங்க கையில இருக்கறது சைக்கிள்தானே சார்."

"ஏறிப் போனாத்தான் சைக்கிள்மா. தள்ளிட்டுப் போனா நடக்கறவங்க. ரூல் அப்படி."

"உங்களப் பாத்துதான் சார் எறங்கறாங்க."

"அதுக்கு நான் என்னம்மா பண்றது? ஒளிஞ்சிக்கிட்டா எண்ண முடியும்?"

தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் பதறிப்போய் நடுரோட்டில் நின்று, "ஏறிப் போங்கப்பா, ஏறிப் போங்க," என்று கையை வீசினார்.

பிளம்பர் சிரித்தார். "இன்னா சார், ரெண்டு நாளா மரியாத மரியாதன்னு உயிர எடுத்த. இப்ப மாத்திப் பேசற."

"ஆபீசர் குந்திகினு கீறாரு. அவரு மூஞ்சிக்கு நேரா காலத் தூக்கிப் போட்டு ஏற சொல்றியா?" என்றார் இன்னொருவர்.

லேடீஸ் சைக்கிளில் காலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. எனக்கு அந்தச் சாக்கும் இல்லாமல் போயிற்று. பிளாஸ்க்கைத் தலைவர் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். அத்தனை ஆண்களும் நின்று பார்க்க நான் ஓட்டியது அதுதான் முதல் தடவை. என்னைப் பார்த்தாவது ஏறுவார்கள் என்று நினைத்தேன்.

"அக்கா வருது, வழி வுடு," என்று குரல் வந்தது. தலைவர் சொன்னதற்காக அப்போதுதான் ஏறிய ஒருத்தர் இரண்டு பேரும் எனக்காக இறங்கி ஒதுங்கினார்கள்.

ஆபீசர் ஒரு கோடு போட்டார். அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தேன்.

"இப்பத்தானேம்மா போனீங்க?"

"திரும்பி வரேன் சார்."

கொஞ்சம் யோசித்து இன்னொரு கோடு போட்டார். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகும்வரை போய்ப் போய் வந்தேன். நடுவில் ரயிலுக்காகக் கேட் போட்டதில் கொஞ்ச நேரம் வீணாயிற்று. கடைசியில் சைக்கிள் கட்டத்தில் ஒன்பது கோடு. ஒன்பதும் நான்.

சுரங்கப்பாதை வந்தது. நடந்து போகிறவர்கள் இவ்வளவு பேர் என்று எதிர்பார்க்கவில்லையாம். அதனால் படிகளை இன்னும் அகலமாகக் கட்டி, இரண்டு பக்கமும் பளபளவென்று கைப்பிடி வைத்துக் கொடுத்தார்கள். சரிவு இல்லை. கைப்பிடி சங்கத்தின் முதல் வெற்றி என்று கூட்டம் போட்டு எனக்கு ஒரு சால்வையும் போர்த்தினார்கள். நல்ல சால்வை.

கேட்டை மூடிய மறுநாள் காலை, படிக்கு மேலே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டில் என்றால் கேட்பது ஒரே ஆளிடம், அதுவும் பெற்ற பிள்ளையிடம். இங்கே இறக்க ஒருவர், ஏற்ற ஒருவர், சாயந்திரம் திரும்பும்போது அதே மாதிரி இன்னும் இருவர். எல்லோரும் பெயர் தெரியாதவர்கள். "தம்பி" என்று வாயைத் திறப்பதற்குள் எதிரே மூன்று ரயில் போய்விட்டது.

நான்காம் நாள் பட்டறைக்காரர் ஒருவர் என் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தேன்.

"செயின் பக்கம் புடிக்காதப்பா, கறையாவும். சீட்டப் புடி," என்றேன்.

"இன்னாக்கா, தூக்கறதும் நானு, திட்டு வாங்கறதும் நானா?"

"பாத்து எறங்கு. பின்சக்கரம் இடிக்குது," என்றேன்.