மஞ்சள் வளையம்

கோழிக்கறித் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் வெட்டு மேசையில் நின்றவள் அவள். நிமிடத்துக்கு நாற்பது கோழி என்பது ஒப்பந்தம். ஒருநாள் சூப்பர்வைசர் பெல்ட்டின் வேகத்தை ஐம்பதுக்கு ஏற்றினார். அவள் கத்தியைக் கீழே வைத்தாள். சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். மொத்த வரிசையும் நின்றது.

"யாரைக் கேட்டு நிறுத்தினே?"

"நீங்க யாரைக் கேட்டு ஏத்துனீங்க? நாப்பதுன்னா நாப்பது."

"பெரிய கறார் இவ!"

அன்றிலிருந்து அவள் கறாரக்கா. என்னைவிட வயதில் சின்னவள்தான். தொழிற்சங்கத்தை நடத்திய நானும் அக்கா என்றே கூப்பிட்டேன். கூட்டத்துக்கு ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால் என்னையே வாசலில் நிறுத்திவைப்பாள். பொய் சொல்கிறவனைக் கண்டால் அவளுக்கு ஆகாது.

தொழிற்சாலையை மூடிய பிறகு வாத்து வளர்க்கத் தொடங்கினாள். கடையில் கிடைக்கிற வெள்ளை வாத்து அல்ல. சாம்பல் முதுகு, கழுத்தடியில் வெள்ளைப் பிறை உள்ள பழைய ரகம். மெதுவாக வளரும், குறைவாக முட்டையிடும். அதனால் பெரிய பண்ணைகள் கைகழுவிவிட்டன. எங்களுக்குத் தெரிந்து மிஞ்சியது நாற்பத்து மூன்று. அவளிடம் இருபத்தொன்பது, எட்டு கிலோமீட்டர் தள்ளி இருந்த நாத்தனாரிடம் பதினான்கு. ஒரு வீட்டில் நோய் விழுந்தாலும் இன்னொரு வீட்டில் ரகம் பிழைக்கட்டும் என்றுதான் பிரித்து வைத்திருந்தார்கள்.

அதில் ஒரு சிக்கல். ஒரே ரத்தம் திரும்பத் திரும்பக் கலந்தால் குஞ்சு சோடையாகிவிடும். எனவே வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு வீடும் ஓர் ஆண் வாத்தை மாற்றிக்கொள்ளும். கறாரக்கா வீட்டு வாத்தின் காலில் நீல வளையம், நாத்தனார் வீட்டு வாத்துக்கு மஞ்சள். வாத்து வீடு மாறினாலும் வளையம் மாறாது. எந்த வம்சம் என்று தெரிந்தாக வேண்டும்.

அந்தத் திங்கட்கிழமை ஸ்கூட்டரில் கூடையோடு வந்தாள். கூடைக்கு வெளியே ஒரு கழுத்து நீண்டிருந்தது.

"என்னக்கா, மாப்பிள்ளை அழைப்பா?" என்றேன்.

"ஆமா தோழர். நம்ம பையனை அங்க விட்டுட்டு அவங்க பையனைத் தூக்கிட்டு வந்துட்டேன். நாத்தனாருக்கு வாய் சும்மா இருக்குமா? 'அண்ணி, உங்க பையன் மூஞ்சியும் உங்களை மாதிரியே உர்ருன்னு இருக்கு'ங்கிறா."

சிரித்தோம். பக்கத்து வாய்க்காலில் ஒரு காட்டு வாத்து மல்லாந்து மிதந்துகொண்டிருந்தது. நாய் கடித்திருக்கும் என்றேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அவளுடைய பெட்டை ஒன்று குட்டைக் கரையிலேயே நின்றது. மற்றவை நீரில் இருந்தன.

"தண்ணியைப் பாத்துக்கிட்டே நிக்குது தோழர். வாத்து நிக்குமா?"

சனிக்கிழமை காலையில் இரண்டு செத்துக் கிடந்தன. நான்கிற்குக் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கால்நடை டாக்டரைத் தானே போனில் கூப்பிட்டாள். கறாரக்கா வேறெப்படி இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். போனை வைத்ததும் மஞ்சள் வளையக்காரனைப் பிடித்து முழங்காலுக்கு நடுவே இடுக்கினாள். கம்பி வெட்டும் குறடால் வளையத்தை வெட்டி மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"என்ன பண்ற அக்கா?"

"இதைப் பாத்தா நேரா அங்கதான் போவாங்க. இங்க இருந்து ஒரு பறவை போயிருந்தாலே போதும், அங்கயும் ஒண்ணு விடாம அழிச்சிடுவாங்க. இங்க இருக்கிறது எல்லாம் போகட்டும். அந்தப் பதினாலு இருந்தா ரகம் இருக்கும்."

"நாத்தனாருக்குச் சொல்லிட்டியா?"

"சொன்னா அடுத்த நிமிஷம் இங்க வந்து நிப்பா. எல்லாம் வெளியில வந்துடும். நீங்களும் வாயைத் திறக்காதீங்க."

வாயை வைத்தே பிழைத்தவன் நான். அன்று திறக்கவில்லை. அந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு.

டாக்டர் வந்தார். கூட இரண்டு பேர், தலை முதல் கால் வரை வெள்ளை உடை. அரை மணி நேரத்தில் சோதனை முடிந்தது. பறவைக் காய்ச்சல்.

"ரெண்டு வாரத்துல வெளியில இருந்து பறவை ஏதாவது வந்துச்சாம்மா? இங்க இருந்து போச்சா?"

"இல்லைங்க."

"இது ஒண்ணுக்கு மட்டும் வளையம் காணோமே?"

"அறுந்து விழுந்துடுச்சு."

காலில் வெளிறிய தடம் ஒன்று இருந்தது. டாக்டர் அதை விரலால் தடவிப் பார்த்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. இது மனுஷனுக்கும் தொத்தும்" என்றார். அவள் தரையைப் பார்த்தாள். பெல்ட்டை நிறுத்திய நாளில்கூட அவள் யாருக்கும் கண்ணைத் தாழ்த்தவில்லை.

வாத்துகளை அழிக்கும் வேலை தொடங்கியது. ஒவ்வொன்றாக வாயுப் பெட்டிக்குள் போயிற்று. பெட்டைகள் உரக்கக் கத்தின. ஆண்களுக்கு எப்போதும் கரகரத்த குரல்தான். சத்தம் படிப்படியாகக் குறைந்தது. கடைசியில் ஒரே ஒரு கரகரப்பு. பிறகு அதுவும் இல்லை. குஞ்சு பொரிக்கும் பெட்டியில் இருந்த பதினோரு முட்டைகளையும் எடுத்துப் பைக்குள் போட்டார்கள். காலிப் பெட்டிக்குள் விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

பைகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. கையில் கிருமிநாசினி ஈரம், அதனால் ஸ்பீக்கரில் போட்டாள். நாத்தனார்.

"அண்ணி, உங்க பையன் ரொம்பத்தான் பிகு பண்றான். நேத்துல இருந்து கரையிலயே நிக்கிறான். தண்ணியைப் பாக்கிறான், என்னைப் பாக்கிறான். இறங்க மாட்டேங்கிறான்."

கறாரக்கா என்னைப் பார்த்தாள்.

"கழுத்து எப்படி இருக்கு?"

"கழுத்துக்கு என்ன? ஒரு பக்கமா சாய்ச்சு வெச்சிருக்கான், ஸ்டைலு! பக்கத்து வீட்டுக்காரி தூக்கி வெச்சுக் கொஞ்சிட்டு இப்பத்தான் போறா. அவ பொண்ணுக்குக் காட்டணுமாம்."

அங்கிருந்து வந்த வாத்தின் வளையத்தைத்தான் அவள் வெட்டினாள். வந்தவன் சுத்தமாக வந்தான். நோயைச் சுமந்து போனது இங்கிருந்து போனவன். நீல வளையத்தோடு ஆறு நாளாக அந்தப் பதினாலுக்கு நடுவே நிற்கிறான்.

போனை அணைக்காமலே என் கையில் கொடுத்துவிட்டு வாசலுக்கு நடந்தாள். டாக்டர் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். பையிலிருந்து வளையத்தை எடுத்து வண்டியின் முன்பக்கத்தில் வைத்தாள்.

"நான் பொய் சொன்னேன் டாக்டர். நாத்தனார் வீட்டுல இன்னும் பதினாலு இருக்கு. மனுஷங்களும் இருக்காங்க. எட்டு கிலோமீட்டர்."

டாக்டர் வளையத்தைப் பார்த்தார். கழற்றிய பூட்ஸைத் திரும்ப மாட்டினார்.

"அண்ணி? லைன்ல இருக்கீங்களா?" என்றது போன்.

வண்டியின் இன்ஜின் உறுமியது.

"என்ன அண்ணி, அங்க ஏதோ வண்டிச் சத்தம் கேக்குது? யாரு வராங்க?"