ஆறு மணிக்கு மாத்திரை கேட்கும் பெட்டி

சாயங்காலம் என் வீட்டில் யார் பேசுகிறார்கள் என்று தெரிந்து உனக்கு என்ன ஆகப்போகிறது? உன் வீட்டில் உலை வைக்கவில்லையா, வேலிக்கு வெளியே நின்று காது கொடுக்கிறாய்? சரி, கேட்டுத் தொலை. கேட்டபிறகு தனியாக வீட்டுக்குப் போகப் பயமாயிருக்கிறது என்று என் வாசலில் உட்காரக் கூடாது.

இந்த அந்தமான் ஹட் பே ஊரில் என் பேத்தியும் நானும்தான் இருந்தோம். அவள் தாத்தா எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்து, அது மூடியபிறகு கட்டிலில் கிடந்து, போன மழைக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். பேத்திக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. கப்பல் டிக்கெட்டும் எடுத்தாயிற்று. ஆனால் நான் பிரஷர் மாத்திரையை மறந்தால் தலைசுற்றி விழுகிற ஆள். ஏற்கெனவே ஒருமுறை கிணற்றடியில் விழுந்து கிடந்தேன்.

"பெட்டி ஒழுங்கா வேலை செஞ்சாத்தான் ஜஹாஸ் ஏறுவேன் அம்மாயி. இல்லன்னா இங்கயே கெடப்பேன்" என்றாள்.

பெட்டி என்றால் அவளுடைய பழைய லேப்டாப், அதோடு ஒரு சின்ன ஸ்பீக்கர். மாலை ஆறு மணிக்கு அது அவள் குரலிலேயே கூப்பிட்டு மாத்திரை போட்டாச்சா என்று கேட்கும். ஏதாவது சத்தம் கேட்டால் 'நல்லது' என்று சொல்லும். ஒரு சத்தமும் இல்லாவிட்டால் அவள் போனுக்குச் செய்தி போகும்.

அதை எழுதி முடித்த அன்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

"முன்னெல்லாம் டைப்ஸ்கிரிப்டுங்கிற கம்ப்யூட்டர் பாஷைல எழுதுனத ஓட்டணும்னா ஊர்ப்பட்ட சாமான் டவுன்லோடு பண்ணி, செட்டிங் எழுதணும். இங்க இருக்குற நெட்டுக்கு அது நடக்குமா? இப்ப ஃபைல் பேர ஒரு வரி அடிச்சாப் போதும், அப்படியே ஓடுது."

"டைப்புன்னா என்னாடி?"

"ஒவ்வொண்ணுக்கும் சீட்டு ஒட்டுறது அம்மாயி. இது நம்பர், இது பேரு, இதுல ஆமா இல்லன்னு மட்டும்தான் வரணும், அந்த மாதிரி."

"அந்தச் சீட்ட யாரு படிக்கிறது?"

"நேரா ஓட்டுறப்ப யாரும் படிக்கிறதில்ல. சீட்ட உரிச்சுப் போட்டுட்டு ஓடிரும். தனியா செக் பண்ணாத்தான் தப்பு தெரியும்."

"அப்ப அது என் ஜாதி. நானும் டப்பாவுல ஒட்டுன சீட்ட படிக்காமத்தான் கொழம்பு வைக்கிறேன்."

"அதான் ஒருநாள் பாயசத்துல உப்பு" என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

ஆறு மணி ஆனது. கரண்ட் இல்லை, பெட்டி பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. கடல் உள்வாங்கிக் கிடந்தது, அலைச்சத்தம்கூட வரவில்லை.

"அம்மாயி, மாத்திரை போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"நல்லது அம்மாயி."

நான் எழுந்திருக்கப் போனேன். பெட்டி மறுபடி பேசியது.

"தாத்தா, மாத்திரை போட்டாச்சா?"

நான் வாய் திறக்கவில்லை. அவர் கட்டிலுக்கு மேலே பலகையில், ரேடியோ பக்கத்தில், அவருடைய மாத்திரை அட்டை நான் வைத்தபடியே கிடந்தது. அந்தப் பக்கமிருந்து 'கர்ரக்' என்று ஒரு சத்தம். அட்டையில் கட்டைவிரல் வைத்து மாத்திரையை அழுத்தி எடுப்போமே, அந்தச் சத்தம்.

"நல்லது தாத்தா" என்றது பெட்டி.

பேத்தி குடத்தோடு வாசலில் நின்றாள். கடைசி வார்த்தை அவள் காதிலும் விழுந்துவிட்டது. குடத்தை இறக்கிவைத்துவிட்டு விசையைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். தப்பு அவளுடையதுதான். எழுத ஆரம்பித்தபோது தாத்தா உயிரோடு இருந்தார். அவர் போனபிறகு அவரை அழிக்க மனசு வராமல், 'இருக்கிறாரா' என்ற இடத்தில் 'இல்லை' என்று வார்த்தையாக எழுதிவைத்திருக்கிறாள். சீட்டைப் படிக்காமல் ஓடுகிற மெஷினுக்கு, அங்கே எந்த வார்த்தை இருந்தாலும் ஆள் இருக்கிறார் என்றுதான் அர்த்தமாம்.

"செக் பண்ணிருந்தா அப்பவே காட்டிக் குடுத்திருக்கும்" என்று சொல்லித் திருத்தினாள். பிறகு கை நின்றுவிட்டது.

"கூப்பிட்டது என் தப்பு. பதில் சொன்னது யாரு அம்மாயி?"

அவள் முகம் வெளுத்திருந்தது. உண்மையைச் சொன்னால் டிக்கெட்டைக் கிழித்துவிடுவாள்.

"நான்தான் இருமினேன். இருமக்கூட ஒங்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா?"

அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நான் இன்னொரு தரம் இருமிக் காட்டினேன். அந்த வாரமே கப்பல் ஏறிவிட்டாள்.

இப்போது பெட்டி என்னை மட்டும்தான் கூப்பிடுகிறது. திருத்தியது சரியாகத்தான் இருக்கிறது. நான் போட்டாச்சு என்கிறேன், அது நல்லது என்கிறது. பிறகு ஒரு மூச்சு விடுகிற நேரம் அமைதி. அப்புறம் ரேடியோ பக்கமிருந்து 'கர்ரக்'. அட்டையில் எத்தனை மிச்சம் என்று நான் எடுத்துப் பார்க்கவில்லை. நீயும் பார்க்க வேண்டாம்.

ஒருநாள் பக்கத்து வீட்டு பெங்காலிக்காரி அந்த நேரத்தில் என்னோடு உட்கார்ந்திருந்தாள். சத்தம் கேட்டதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கோன் ஹை, நானி?" என்றாள். மறுநாள் தெருவே வந்து அதே கேள்வியை, யார் யார் என்று கேட்டது. எனக்குத் தெரிந்த ஹிந்தியில் அவர்களுக்குச் சொன்னது இதுதான்: "கெழவன்தான். உசுரோட இருந்தப்ப ஒருநாளும் நேரத்துக்குப் போட்டதில்ல, இப்பத்தான் புத்தி வந்திருக்கு. எம் பேத்தி போன் பண்ணிக் கேட்டா, அம்மாயிக்கு இருமல்னு சொல்லுங்க. இல்லன்னா அடுத்த கப்பல்ல திரும்பி வந்துருவா."