அணித்தலைவரை வெளியே அழைத்த அத்தான்

எங்கள் அக்காவின் கணவர், எங்கள் அன்பு அத்தான், கர்த்தரிடம் சென்று ஓராண்டு நிறைகிறது. எங்கள் தமிழ் உறவினர்கள் பலருக்கு அவரைப் புகைப்படத்தில்தான் தெரியும். அவர்களுக்காகவும், இங்கே எங்களோடு நின்ற உங்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

அத்தான் பிஜித் தீவில் ஒரு கடலோரச் சிற்றூரில் பிறந்தார். இளவயதில் தந்தையை இழந்து, சர்க்கரை ஆலையில் மூட்டை தூக்கினார். ஆளோடு ஆள் மோதி விளையாடும் ரக்பி லீக் ஆட்டம் அவரை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டு சென்றது. சிட்னியில் ஓர் ஆட்டத்தில் தாடை உடைந்து மருத்துவமனையில் கிடந்தபோது, அங்கே நர்ஸாக இருந்த அக்கா அவரைக் கவனித்தார். வாயைக் கம்பியால் கட்டியிருந்ததால் அத்தான் பேசவில்லை, அக்காதான் பேசினார்.

அப்பாவுக்கு இத்திருமணத்தில் விருப்பமில்லை. "பந்தைத் தூக்கிட்டு ஓடுததெல்லாம் ஒரு வேலையாம்மா?" என்று பாளையங்கோட்டையிலிருந்து தொலைபேசியில் கேட்டார். அவர் வராமலேயே சிட்னியில் திருமணம் நடந்தது. பிறகு அக்காவுக்கு இங்கே கலிபோர்னியாவில் வேலை கிடைத்து, பிளசன்டனில் குடியேறினார்கள். மகள் பிறந்தாள்.

ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற அத்தானுக்குத் தொண்ணூறுகளின் நடுவில் பிஜி தேசிய அணியின் பயிற்சியாளராகும் அழைப்பு வந்தது. அக்காவும் மகளும் இங்கேயே இருக்க, அவர் போய்வந்தார். அவர் வாழ்வின் பெரிய பெருமை அது. பெரிய வருத்தமும் அங்கேதான் காத்திருந்தது.

முக்கியமான ஓர் ஆட்டத்தில் அணி முன்னிலையில் இருந்தது. அணித்தலைவர் தலையில் அடிபட்டு விழுந்தார். உடனே எழுந்து, ஒன்றுமில்லை என்று கையசைத்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. அத்தான் அவரை ஆட்டத்திலிருந்து வெளியே அழைத்துவிட்டார். அணி தோற்றது. ஊரே அத்தானைத் திட்டியது. கூடப் பிறந்தவர்கள்கூட முகம் கொடுக்கவில்லை. சில மாதங்களில் பதவியை விட்டுவிட்டு வந்தார்.

பக்கத்திலேயே குடியிருந்த நான், விமான நிலையத்திலிருந்து அவரை அழைத்து வரும்போது கேட்டேன்: "ஏன் அத்தான்? நல்லாத்தான் இருக்கேன்னு அவரே சொன்னாராமே?"

எங்களிடம் கற்ற தமிழில் சொன்னார்: "அவன் கண் அங்க இல்ல தம்பி. நான் ஆடும்போது எனக்கும் நிறைய நாள் அப்படித்தான். என்னை யாரும் வெளிய கூப்பிடல."



சில ஆண்டுகள் கழித்து ஒரு ஞாயிறு, பக்கத்து ஊரான ஹேவர்டில் ஆராதனை முடிந்து மகளோடு நெடுஞ்சாலையில் வீடு திரும்பியவர், பிளசன்டனைத் தாண்டி, காற்றாலைகள் சுழலும் மலைவரை போய்விட்டார். "டாட், நம்ம வீடு பின்னாடி இருக்கு" என்று மகள் ஆங்கிலத்தில் அழுதிருக்கிறாள். "எந்த வீடு?" என்று கேட்டாராம். அன்றே அக்கா கார் சாவியை வாங்கி வைத்தார். அத்தான் ஆத்திரத்தில் சமையலறைக் கதவை உடைத்தார். இன்னொரு நாள் சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் போலீஸைக் கூப்பிட்டார்கள். அக்கா வாசலில் நின்று அவர்களுக்குச் சமாதானம் சொல்லி அனுப்பியதை நான் பார்த்தேன்.

தலையில் பட்ட பழைய அடிகள் காரணமாக இருக்கலாம் என்றார் மருத்துவர். உறுதியாகச் சொல்ல அவராலும் முடியவில்லை.

அப்பா ஊரிலிருந்து வந்தார். அத்தானுக்குக் கஞ்சி ஊட்டும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். ஒருமுறை அத்தான் தட்டிவிட்டதில் அப்பாவின் சட்டையெல்லாம் கஞ்சி. "சரி மாப்ளே, பொறவு சாப்பிடலாம்" என்று துடைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தார். அப்பா அவரை மாப்பிள்ளை என்று அழைத்து நான் கேட்டது அன்றுதான். அத்தானுக்கு அது புரிந்ததா, தெரியவில்லை.

கடைசியில் நிமோனியா வந்தது. ஐம்பது வயதுகூட நிறையாமல் அத்தான் எங்களை விட்டுப் பிரிந்தார்.

இக்கட்டுரையை நான் முதலில் எழுதியபோது நல்லதை மட்டுமே எழுதினேன். அக்கா படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நாங்க பட்டதையும் எழுது. அது நோய், அவங்க இல்லைன்னு எல்லாரும் ஆறுதல் சொல்லுதாங்க. எனக்கு அப்படிப் பிரிக்கத் தெரியலடா. ரெண்டும் அவங்கதான். நான் பாத்துக்கிட்டது அவங்களைத்தான்."

சமைத்துக் கொண்டுவந்த ஆன்ட்டிகளுக்கும், மகளைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றவர்களுக்கும், ஜெபித்த திருச்சபையாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்களில் சிலர் அத்தானிடம் கடுஞ்சொல் கேட்டுக் கண்கலங்கிப் போனீர்கள். மறுநாளும் வந்தீர்கள். அந்த மறுநாளுக்கு எங்கள் தனி நன்றி.